மனவுறுதி என்னும் மயக்கம்

குடிநோயைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் மட்டுமன்றி உலகின் பெரும்பகுதியிலும் நிலவிவரும் பொதுக்கருத்து மூன்று கூறுகளால் ஆனது. குடிப்பவர் அடிப்படையிலேயே தன்னலக்காரர், தம் இன்பத்தின்பொருட்டு மனைவி மக்களைப் பட்டினி போடத் துணிந்தவர் என்பது முதற்கூறு; அவர் மனம் வைத்தால் நாளைக்கே நிறுத்திவிட முடியும், நிறுத்தாமலிருப்பதே மனம் வைக்கவில்லை என்பதற்குச் சான்று என்பது இரண்டாவது; அவ்வாறு நிறுத்தி, நெடுநாள் நிறுத்தியபடியே இருந்து காட்டும்வரை அவரை ஒருவரும் நம்பக்கூடாது என்பது மூன்றாவது. மேடைப் பேச்சாளரும் திரைப்பட வசனகர்த்தாவும் ஊர்ப் பெரியவரும், சிலவேளை மருத்துவரும்கூட, இம்மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுண்டு. இவற்றுள் முதலாவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. இரண்டாவது, நோயின் கூர்மையான அறிகுறி ஒன்றையே அந்நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்கிறது. மூன்றாவது, மீட்சியில் நம்பிக்கை எந்தத் திசையில் முதலில் செல்லவேண்டும் என்பதைத் தலைகீழாக்கிவிடுகிறது. மிகுந்த கேடு விளைவிப்பது மூன்றாவதுதான் என்றாலும், முதலிரண்டையும் கடக்காமல் அதை அணுக இயலாது.

குடியின் அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் குன்றிப்போய், விளையும் தீங்கு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்ந்து குடிக்கும் நிலையையே மருத்துவம் குடிநோய் என்கிறது. உடல் மதுவுக்குப் பழகப் பழக, முன்பு கிடைத்த அதே போதைக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது தாங்குதிறன் எனப்படும். பழகிய உடலுக்கு மது கிடைக்காதபோது தோன்றும் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, கடும் நிலையில் வலிப்பு, இல்லாதவற்றைக் காணும் சித்தக் குழப்பம் ஆகியவை விலகல் அறிகுறிகள் எனப்படும். இவ்வறிகுறிகள் முற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ‘மனம் வைத்து இன்றே நிறுத்து’ என்ற அறிவுரையை நோய் முற்றிய ஒருவர் மருத்துவ மேற்பார்வையின்றி அப்படியே பின்பற்றினால் உயிரையே இழக்க நேரலாம் என்பதை, அதைத் தாராளமாக வழங்குவோர் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. இனி, தன்னலம் என்று தவறாகக் கொள்ளப்படும் தன்மையப் போக்கு. தன்னலம் ஆதாயத்தைத் தேடுவது. தன்மையப் போக்கோ, சுற்றிலும் நடப்பவை யாவும் தன்னைக் குறித்தே நடக்கின்றன என்று கொள்வது. எந்த ஆதாயமும் பெறாமல், தம்மைத் தாமே அழித்துக்கொண்டிருக்கும் ஒருவரும் முழுமையான தன்மையப் போக்கில் இருக்க முடியும். குடிநோயாளரிடம் காணப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை; பொதுக்கருத்து அதை முதலாவதாகக் கொண்டே தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

இத்தன்மை முதலில் இருந்து குடியை வரவழைத்ததா, குடி முதலில் வந்து இத்தன்மையை வளர்த்ததா என்ற கேள்விக்கு, குடித்து நொடித்தவர்களிடம் பின்னோக்கி விசாரித்து விடை காண முடியாது. நொடித்துப்போன நிலையில் எவரும் தம் இளமையையும் நொடித்ததாகவே நினைவுகூர்வர். குடிக்கத் தொடங்குமுன்பே சிலரைத் தேர்ந்து, பல பத்தாண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து பார்ப்பதொன்றே வழி. அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வாலியண்ட் 1983இல் வெளியிட்ட ‘குடிநோயின் இயற்கை வரலாறு’ என்ற நூல் அத்தகைய ஆய்வின் விளைவு. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களும் பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளில் வளர்ந்த சிறுவர்களும் இளமை முதல் நடுவயதுவரை அதில் பின்தொடரப்பட்டனர். பின்னாளில் குடிநோயாளர் ஆனவர்கள் இளமையிலேயே தனிவகை மனக்கோணல் உடையவர்களாக இருந்தனர் என்ற எதிர்பார்ப்பை அத்தரவுகள் பெரிதும் ஆதரிக்கவில்லை. குடிநோய்க்கே உரியன என்று கருதப்பட்ட குணக்கேடுகளில் பல, நோய்க்குப் பின் தோன்றியவை என்பதே வாலியண்டின் முடிவு. தன்னலக்காரர் குடிகாரர் ஆகிறார் என்பதைவிட, குடிநோய் மனிதரைத் தன்னைச் சுற்றியே சுழலவைக்கிறது என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அது நிகழும் விதமும் விளங்காத மர்மம் அன்று. விலகல் அறிகுறிகளுக்கு ஆளான உடல், அடுத்த வாய் மது எங்கே, எப்போது, யார் காசில் என்ற ஒரே கணக்கில் பகலையெல்லாம் கழிக்கிறது. மதுக்கடை திறக்கும் நேரம், கடன் கொடுக்கக்கூடியவர் வீட்டில் இருக்கும் நேரம், மனைவி வேலையிலிருந்து திரும்பும் நேரம் என்றே நாள் பகுக்கப்படுகிறது. புட்டியை மறைக்க ஒரு பொய், அப்பொய்யைக் காக்க இன்னொரு பொய் என்று சேர்ந்தபின், எதிரில் வரும் ஒவ்வொருவரும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஆபத்தாகவோ ஏமாற்றத்தக்க வாய்ப்பாகவோ தோன்றுகின்றனர். மனிதராகத் தோன்றுவது நின்றுவிடுகிறது. வீட்டார் தாழ்ந்த குரலில் பேசினால் தம்மைப் பற்றித்தான், உரக்கப் பேசினால் தம்மைக் குத்திக்காட்டத்தான். ஊரில் தம்மைப்போல் அறிவாளி இல்லை என்ற இறுமாப்பும் தம்மைப்போல் இழிந்த பிறவி இல்லை என்ற கழிவிரக்கமும் ஒரே மாலையில் ஒருவரிடம் மாறி மாறி வரக் காண்கிறோம். இரண்டும் எதிரெதிர் உணர்வுகளாகத் தோன்றினாலும் இரண்டிலும் பேசுபொருள் ஒருவரே.

இங்கே ஓர் எதிர்ப்புக்கு இடமுண்டு. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் என்பவர் பெண்களுக்கென்றே ஒரு மீட்சி அமைப்பைத் தொடங்கினார். செருக்கை அடக்கு, ஆற்றலின்மையை ஒப்புக்கொள் என்ற அறிவுரை ஆண்களின் நோயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டும் குற்றவுணர்வில் புதைந்தும் கிடக்கும் பெண்ணுக்குத் தேவை தன்மதிப்பே என்பது அவரது வாதத்தின் சாரம். தன்மையப் போக்கைச் செருக்கு என்றே பொருள்கொண்டு, குடிநோயாளரை இன்னும் சிறுமைப்படுத்துவதே சிகிச்சை என்று நினைத்தவர்களுக்கு இவ்வெதிர்ப்பு சரியான அடி. ஆயினும் அந்தப் பெண்களும் வட்டமாக அமர்ந்து ஒருவர் மற்றவரிடம் மனம் திறந்தே தன்மதிப்பை மீட்டனர். தன்னை உயர்த்திப் பார்ப்பதும் தாழ்த்திப் பார்ப்பதும், தன்னையன்றி வேறெதையும் பார்க்க இயலாத ஒரே சிறையின் இரு சுவர்கள் என்ற கருத்து அதனால் வலுப்படுகிறதேயன்றி வீழவில்லை.

மனவுறுதிக் கோட்பாட்டுக்கு மிக ஆழமான மறுப்பை எழுதியவர் மருத்துவர் அல்லர். கிரெகரி பேட்சன் என்ற மானிடவியலாளர். 1971இல் வெளிவந்த, குடிநோயைத் ‘தான்’ என்ற கருத்தோடு இணைத்து ஆராயும் அவரது கட்டுரை, உறவுகளை இருவகையாகப் பிரித்துக்கொள்கிறது. ஒருவர் கை ஓங்கினால் மற்றவரும் ஓங்குவது, ஒரு நாடு படை சேர்த்தால் மற்றதும் சேர்ப்பது போன்றவை சமநிலைப் போட்டி உறவுகள். கற்பிப்பவர்–கற்பவர், பேணுபவர்–பேணப்படுபவர் என்று ஒருவரது செயல் மற்றவரது செயலை நிரப்புபவை நிரப்பு உறவுகள். குடிநோயாளர் புட்டியோடு கொண்டிருப்பது முதல்வகை உறவு என்கிறார் பேட்சன். ‘இது என்னை வெல்வதா, நான் இதை வெல்கிறேன் பார்’ என்ற அறைகூவலே அவ்வுறவின் உயிர். நிறுத்திக் காட்டுகிறேன் என்று சூளுரைத்துச் சில வாரம் நிறுத்துகிறார், வென்றாகிவிட்டது, வென்றபின் போட்டிக்கு எதிரி இல்லை, தமது உறுதி உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க இனி ஒரே வழி, ஒரு குவளை குடித்து அத்தோடு நிறுத்திக் காட்டுவது. அந்த ஒரு குவளையில் அவர் மீண்டும் விழுகிறார். உறவினர் வந்து ‘உனக்கு உறுதி போதவில்லை’ என்று சொல்லும்போது, அணையவேண்டிய போட்டிக்கு எண்ணெய் ஊற்றப்படுகிறது; அவர் மீண்டும் சூளுரைக்கிறார். தம்மால் தனியே முடியும் என்ற நம்பிக்கை அறுபடுவதே மீட்சியின் தொடக்கம் என்று பேட்சன் கண்டதற்குக் காரணம் இதுதான்.

தலையில் அடித்துச் சத்தியம் செய்வதும், குழந்தையின் தலைமேல் கைவைத்து ஆணையிடுவதும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் தமிழ்நாட்டில் மனவுறுதிக் கோட்பாட்டின் வழக்கமான சடங்குகள். ஆனால் அக்கோட்பாட்டார் தமக்குச் சாதகமாக அடிக்கடி காட்டும் சான்று வேறொன்று: ஐயப்பனுக்கு மாலை போட்ட குடிநோயாளர் 41 நாளோ 48 நாளோ ஒரு சொட்டும் தொடுவதில்லையே, அப்படியானால் நினைத்தால் முடியும் என்பதுதானே பொருள் என்ற வாதம். கூர்ந்து பார்த்தால், அவர்களது வாதத்தை இதைவிடத் தெளிவாகத் தகர்க்கும் சான்று கிடையாது. மாலை போட்டவர் தனியாளாக எதையும் செய்வதில்லை. பலமுறை மலைக்குச் சென்றுவந்த குருசாமி ஒருவரின் கையால் மாலை அணிகிறார்; அந்நாள்முதல் மனைவியும் முதலாளியும் பேருந்து நடத்துநரும் அவரைச் ‘சாமி’ என்றே அழைக்கின்றனர்; கருப்போ நீலமோ காவியோ உடுத்து, கூட்டு பஜனைகளில் பிற சாமிகளோடு அமர்கிறார்; வீட்டில் அவருக்கென்று சமையல் மாறுகிறது; நேற்றுவரை குடிக்க அழைத்த நண்பர்கள் தாமாகவே விலகி நிற்கின்றனர். ஊரே அவரை நம்புகிறது, அவரும் தம் குருசாமியை நம்புகிறார். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று இவை அனைத்தும் ஒருசேர நின்றுவிடுகின்றன. கழற்றியவுடன் மதுக்கடைக்குச் செல்வோர் கதை எல்லா ஊரிலும் நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. 41 நாள் அவரைத் தாங்கியது மனவுறுதி என்றால், அவ்வுறுதி 42ஆம் நாள் எங்கே போயிற்று என்று கோட்பாட்டார்தான் விளக்கவேண்டும். உறுதி அவருக்குள் இருந்திருந்தால் மாலையோடு கழன்றிருக்காது.

எவர் துணையுமின்றிக் குடியை விட்டவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, சிகிச்சையோ குழுவோ நாடாமல் குடியை நிறுத்தியவர்கள் எண்ணிக்கையில் மிகப் பலர் என்பதை மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன, அதை மறுப்பதில் பயனில்லை. அவர்களில் கணிசமானோர் நோய் முற்றாத நிலையில் இருந்தவர்கள் என்பது ஒருபுறமிருக்க, சிகிச்சை இல்லாமல் விட்டார் என்பதும் பிற மனிதர் இல்லாமல் விட்டார் என்பதும் ஒன்றல்ல. முன்பு குறிப்பிட்ட வாலியண்டின் ஆய்வில், நிலையாகக் குடியை விட்டவர்களின் வாழ்வில் நான்கு மாற்றங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: குடியின் இடத்தை நிரப்பும் வேறொரு பிடிப்பு, குடித்தால் உடனே விளையும் தீமையை நினைவூட்டும் நோயோ வெளிக்கண்காணிப்போ, பழைய காயங்கள் படியாத புதிய அன்புறவு, சமயக்குழு, மீட்சிக்குழு போன்றவற்றில் ஊக்கமான ஈடுபாடு. நான்கில் இரண்டு வெளிப்படையாகவே பிற மனிதர்கள். மனவுறுதி தனித்த காரணமாக அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

தன்மையப் போக்கு எதனால் உடைகிறது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நடந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கத்தின் தோற்றமாக அது கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்த இயக்கத்தின் ஆதரவாளர்களே அதன் முழுப்பொருளைக் கவனிக்காமல் பக்திக் கதையாக்கிவிடுவதுண்டு. நியூயார்க் பங்குச்சந்தையில் வாழ்ந்து கெட்ட பில் வில்சன், 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்து குடியை நிறுத்தினார். தமக்குக் கிட்டிய ஆன்மிக அனுபவத்தைப் பிறருக்கும் வழங்கிவிடலாம் என்ற உற்சாகத்தில் அடுத்த சில மாதம் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போதித்தார், ஒருவரும் திருந்தவில்லை. உபதேசத்தை நிறுத்திவிட்டு, நோயின் கொடுமையை முதலில் எடுத்துச் சொல்லுமாறு அவரது மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் அறிவுறுத்தினார். 1935 மே மாதம் ஆக்ரனில் ஒரு வணிக முயற்சி தோற்று, கையில் காசு குறைந்து, தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் மதுவறையின் சிரிப்பொலி ஒருபுறமும் தொலைபேசி மறுபுறமுமாக நின்ற வில்சன், மதகுருமார் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளரைத் தேடினார். அந்தத் தேடலின் முடிவில் கிடைத்தவர் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். கால் மணிநேரம் மட்டுமே ஒதுக்குவேன் என்று வந்தவர் பல மணிநேரம் அமர்ந்துவிட்டார்.

ஸ்மித் அதற்கு முன்பே இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குச் சென்றுவந்தவர், வேண்டுதல், வாசிப்பு, நல்லுரை எதற்கும் குறைவில்லை, குடியும் குறையவில்லை. வில்சன் அன்று சொன்ன செய்திகளில் ஸ்மித் அறியாதவை மிகச் சிலவே. வேறுபாடு ஒன்றுதான்: இம்முறை வந்தவர் காப்பாற்றுவதற்காக வரவில்லை, காப்பாற்றப்படுவதற்காக வந்திருந்தார். ஸ்மித்திடம் பேசாவிட்டால் அன்று மாலையே தாம் குடித்துவிடக்கூடும் என்பதை வில்சன் ஒளிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறரது அறிவுரைக்கும் பரிதாபத்துக்கும் இலக்காக இருந்த ஒருவர், முதன்முறையாகத் தாம் ஒருவருக்குத் தேவைப்படுவதை உணர்ந்தார். இருவரது தன்மையப் போக்கும் ஒரே உரையாடலில் விரிசல் கண்டது. ஆனால் இருவரில் எவரும் தன் அகந்தையை அழிக்கிறேன் என்று அமர்ந்து முயலவில்லை. தன்மையப் போக்கை நேரடியாகத் தாக்கும் முயற்சிகள் யாவும் தோற்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது: என் அகந்தை எவ்வளவு குறைந்தது என்று அன்றாடம் அளந்துகொண்டிருப்பவர் முன்னைவிட அதிகமாகத் தம்மையே நினைத்துக்கொண்டிருக்கிறார். (கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், குடித்தவரைத் தெளிந்த நிலையிலுள்ள இன்னொரு குடிகாரரின் கண்முன் நிறுத்திக் கேள்வி எழுப்புவது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. பழிப்பாகவே படிக்கப்பட்டுவரும் அக்குறள், ஒரு குடிநோயாளரால் மட்டுமே இன்னொருவருக்குச் செய்யக்கூடிய உதவியையும் தற்செயலாகச் சுட்டிவிடுகிறது.)

இனி மூன்றாவது கூறு. குடிநோயாளரை எப்போது நம்பலாம் என்று கேட்கும் சமூகம், அவர் எப்போது பிறரை நம்பத் தொடங்குவார் என்று கேட்பதேயில்லை. நம்பிக்கை என்பது அவர் சம்பாதித்துத் தீரவேண்டிய கடனாகவே கருதப்படுகிறது. ஆனால் நோயின் உள்ளிருந்து பார்த்தால், வற்றிப்போயிருப்பது அவர்மேல் பிறருக்குள்ள நம்பிக்கை மட்டுமன்று. பிறர்மேல் அவருக்குள்ள நம்பிக்கையும்தான். உண்மையைச் சொன்னால் துரத்துவார்கள், உதவி கேட்டால் இழிவுபடுத்துவார்கள், மதுவைத் தவிர வேறெதுவும் சொன்னபடி நடந்துகொள்ளாது என்பதே அவரது அனுபவ அறிவு. அதில் பாதி உண்மையும்கூட. இந்நிலையில் ‘முதலில் நீ நம்பத்தக்கவனாகிக் காட்டு’ என்ற நிபந்தனை, அவரை மீண்டும் தம் தனி முயற்சிக்கே, அதாவது பேட்சன் விவரித்த அந்தப் பழைய போட்டிக்கே திருப்பி அனுப்புகிறது.

இந்நிபந்தனையால் விளையும் போலி ஒன்றை மனநல மருத்துவர் ஹாரி டீபவுட் 1949இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். இணங்குதல் வேறு, சரணடைதல் வேறு என்றார் அவர். இணங்குபவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், மருத்துவமனையில் சேர்வார், கையொப்பமிடுவார், கண்ணீரும் வடிப்பார். உள்ளே ஒரு மூலையில் ‘சமயம் வரட்டும்’ என்ற எண்ணம் அப்படியே காத்திருக்கும். சரணடைதலில் அந்த மூலையே இல்லாமற்போகிறது. கண்காணிப்பும் சோதனையும் உருவாக்கக்கூடியது இணக்கத்தை மட்டுமே. பையைத் துழாவி வாயை முகர்ந்துபார்க்கும் வீட்டில் குடிநோயாளர் கற்பது நேர்மையை அன்று, நுட்பமான ஒளிப்பிடங்களை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் 12 படிகள் 1939இல் நூல்வடிவம் பெற்றன. அவற்றின் அடைவுமுறையைப் பார்த்தால், பொதுக்கருத்தின் வரிசை அங்கே முற்றிலும் மாற்றப்பட்டிருப்பது தெரியும். தம் ஆற்றலின்மையை ஒப்புக்கொள்வதும், தம்மினும் பெரிய ஆற்றல் ஒன்றை நம்புவதும் முதலில் வருகின்றன. தம் வாழ்வின் குறைகளை எழுதிப் பார்ப்பது நான்காம் படி. எழுதியதை இன்னொரு மனிதரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது ஐந்தாம் படி. தாம் தீங்கிழைத்தவர்களைப் பட்டியலிட்டு, அவர்களிடம் சென்று ஈடுசெய்வது எட்டும் ஒன்பதும். குடும்பமும் ஊரும் முதல்நாளே கேட்பது இந்த ஒன்பதாம் படியை. ஒருவரையாவது நம்பி ஐந்தாம் படியைக் கடக்காத ஒருவரிடம் ஒன்பதாம் படியைக் கேட்டால் கிடைப்பது, கடைசியாகக் கேட்ட அதே மன்னிப்பின் இன்னொரு பிரதியாகவே இருக்கும்.

அந்த ஐந்தாம் படிக்கு உரியவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பது அரிது என்பதும் கவனிக்கத்தக்கது. கேட்கும் செய்தியால் காயப்படக்கூடியவரிடம் முழு உண்மையைச் சொல்வது இருவருக்கும் சுமை. அவரிடம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் பாதி வாக்குமூலமாகவும் பாதி பேரமாகவும் ஆகிவிடுகிறது. இயக்கத்தில் ஸ்பான்சர் என்றழைக்கப்படும் மூத்த உறுப்பினர், அதாவது சில காலம் குடியின்றி வாழ்ந்து புதியவருக்கு வழித்துணையாக இருப்பவர், அவ்வுண்மையைக் கேட்டு அதிர்வதில்லை. தம்முடைய கதை அதைவிட மோசம் என்று சிரிக்கவும் கூடும். அதிர்ச்சியும் தண்டனையும் இன்றித் தம் மிக மோசமான உண்மை ஒன்று ஏற்கப்படுவதைக் கண்ட அந்த மணிநேரத்தில்தான், உண்மையைச் சொன்னால் உலகம் இடிந்துவிடும் என்ற பழைய அனுபவ அறிவு முதன்முறையாகப் பொய்க்கிறது. நம்பக் கற்றல் என்பது இப்படி ஒரு செயலின் வழியே வருவது; ‘பிறரை நம்பு’ என்ற அறிவுரையால் எவரும் நம்பியதில்லை.

இவை வெறும் இயக்கப் புகழுரைகள் என்று ஒதுக்குவதும் இனி எளிதன்று. ஜான் கெல்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பங்கேற்பாளர்களையும் தொகுத்து நோக்கியது. ஒரு துறையில் நடந்த ஆய்வுகளைக் கடுமையான அளவுகோல்களால் வடிகட்டி ஒருங்கே எடைபோடுவது காக்ரேன் முறை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களோடு நோயாளரை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் முழு மதுவிலக்கில் இருந்தனர். சிந்தனைப் பழக்கங்களைத் திருத்தும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை முதலிய பிற முறைகளில் அது 35 விழுக்காடு. வேறுபாடு வானளாவியதன்று என்பதும், பாதிக்கு மேற்பட்டோர் இரு வழியிலும் ஓராண்டை முழுமையாகக் கடக்கவில்லை என்பதும் நேர்மையாகச் சொல்லப்படவேண்டும். ஆனால் இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்று கெல்லி குழுவினர் தனியே ஆராய்ந்தபோது, முதன்மையாக வெளிப்பட்டது பழகும் மனிதர் வட்டம் மாறுவது: குடிப்போர் குறைந்து, குடியாமையை ஆதரிப்போர் கூடுவது. தன்னம்பிக்கை வளர்வதும் அதில் ஒரு பங்கு வகிக்கிறது. அதாவது மனவுறுதிக் கோட்பாட்டார் முன்நிபந்தனையாகக் கேட்கும் அந்தத் திடம், பிறரோடு சேர்ந்தபின் விளையும் பலன்களுள் ஒன்றாக இருக்கிறது.

இதற்கு எழக்கூடிய நேர்மையான ஆட்சேபம், நம்பிக்கை ஏமாற்றப்படக்கூடும் என்பதே. நொறுங்கிய நிலையில் வருபவரைச் சுரண்டுவோர் எந்தக் கூட்டத்திலும் இருப்பர். புதிதாக வரும் பெண்களிடம் மூத்த ஆண்கள் அத்துமீறுவது அவ்வியக்கத்துக்குள்ளேயே பேசப்பட்டுவரும் பழைய குறை. நம்பு என்பது எல்லாரையும் நம்பு என்றாகாது. தனியொரு மனிதரிடம் அடைக்கலமாகிவிடு என்று நிச்சயமாக ஆகாது. மேடைப் பேச்சாளர்களை மையமாக்கும் மீட்சி இயக்கங்கள் எப்படி முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே முன்னுதாரணம் இருந்தது. 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம், மேடைதோறும் திருந்திய குடிகாரர்களைப் பேசவைத்துப் பெருந்திரளான மக்களிடம் மதுவிலக்கு உறுதிமொழியில் கையொப்பம் பெற்றது. மதுவிலக்கு அரசியலிலும் பிற சச்சரவுகளிலும் சிதறி, பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ மறைந்துபோனது. கையொப்பங்கள் குவிந்தன, கையொப்பமிட்டவரை மறுநாள் சந்திக்க ஆளில்லாமற்போனது. 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் 12 மரபுகள் அப்படிப்பட்ட முடிவைத் தவிர்க்கவே இயற்றப்பட்டவை: தலைவர்கள் ஆள்வோர் அல்லர், பணியாளர்கள், குடியை நிறுத்தும் விருப்பமே உறுப்பினராவதற்குரிய ஒரே தகுதி, வெளிநன்கொடை ஏற்பதில்லை, பொதுவெளியில் பெயர் வெளியிடுவதில்லை. பெயர் மறைப்பைக் கூச்சத்தின் ஏற்பாடு என்றே பலர் நினைக்கின்றனர். மீண்டவர் தம் மீட்சியையே மூலதனமாக்கிப் புகழ்தேடும் புதிய தன்மையப் போக்கைத் தடுக்கும் ஏற்பாடும் அதுவே.

கடவுள் பற்றிய ஆட்சேபத்தைச் சுருக்கமாகவே சொல்லி முடிக்கலாம். படிகளின் சொற்கள் கிறித்தவ மரபிலிருந்து வந்தவை என்பது உண்மை. பகுத்தறிவாளர் பலர் அங்கேயே திரும்பிவிடுகின்றனர். ஆனால் தத்தம் புரிதலின்படியான கடவுள் என்ற தளர்வு தொடக்கத்திலேயே நாத்திக உறுப்பினர் சிலரின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டது. தம்மினும் பெரிய ஆற்றலாகக் குழுவையே கொள்வோர் இன்றும் உள்ளனர். இங்கு வேண்டப்படுவது தன்னைவிடப் பெரிதான ஒன்று உண்டு என்ற ஏற்பு. அது மேலே இருக்கிறதா எதிர் நாற்காலியில் இருக்கிறதா என்பது அவரவர் விருப்பம்.

குடும்பத்தார் உடனே நம்பிவிடவேண்டும் என்று இதனால் பெறப்படுவதில்லை; அவ்வாறு கோருவது இன்னொரு கொடுமை. ஏமாந்து ஏமாந்து, நகையும் வீடும் இழந்த மனைவிக்கு, கணவரின் மீட்சிக்காக நம்பிக்கையையும் கடன் கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களுக்கும் தங்களுக்கென்று ஒரு வட்டம் தேவை என்பதை உணர்ந்தே வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பைத் தொடங்குவதில் முன்நின்றார். சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், நோயாளரோடு குடும்பத்தாரையும் சிகிச்சைக்கு உரியவராகக் கொண்டதும் இந்த உணர்வால்தான். குடும்பத்தின் நம்பிக்கை கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும். அது வரும்வரை ஒருவர் குடியின்றி வாழ்வதற்கு வேறு மனிதர்கள் தேவை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

ராபர்ட் ஸ்மித்தின் பிற்கால வாழ்க்கையை மனவுறுதிக் கோட்பாட்டின் அளவுகோலால் அளந்தால் விந்தையான முடிவே கிடைக்கும். வில்சனைச் சந்தித்த சில வாரங்களிலேயே, மருத்துவ மாநாடு ஒன்றுக்குச் சென்ற இடத்தில் அவர் மறுபடி குடித்து விழுந்தார். 1935 ஜூன் 10 என்று இயக்கம் குறித்துவைத்திருக்கும் நாளுக்குப் பிறகே அவரது குடி நின்றது. நின்றபின்னும் மதுவின்மேல் ஏக்கம் சுமார் இரண்டரை ஆண்டு தம்மைவிட்டு அகலவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதே ஏக்கத்தோடுதான் அவர் பிற குடிநோயாளரின் படுக்கையருகே அமர்ந்தார். 1939 முதல் ஆக்ரன் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியாவோடு சேர்ந்து, ஏறத்தாழ 5,000 பேருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்ததாக இயக்கத்தின் பதிவுகள் கூறுகின்றன. 1950 நவம்பரில் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை.